ரே மிஸ்டீரியோவைப் பற்றிப் பேசும்போது நாம் செய்கிற தவறுகள்

மல்யுத்த வீரர்களின் உயரம், எடை போட்ட அட்டைகளை வைத்து, பெரிய எண் ஜெயிக்கும் டிரம்ப் கார்டு விளையாடியவர்களுக்குத் தெரியும், ரே மிஸ்டீரியோ அட்டை கைக்கு வந்தால் முகம் சுருங்கிவிடும். ஹைட் கேட்டாலும் போச்சு, வெயிட் கேட்டாலும் போச்சு. எதிரே இருப்பவன் கையில் ராட்சத வீரர் பிக் ஷோ இருந்தால் அட்டை அவனுக்குத்தான். ஆனால் அன்று ராத்திரியே டென் ஸ்போர்ட்ஸில் அந்த 5 அடி 6 அங்குல ஆள் கயிற்றைப் பிடித்துச் சுழன்று வந்து உதைக்கும்போது வீடே அதிரும்படி கத்தியிருக்கிறோம். அப்போது மனதில் பதிந்த தவறான எண்ணங்கள் சில இருபது வருஷம் கழித்தும் நம்மை விடவில்லை. அவர்மேல் இருக்கிற பிரியத்தில்தான் அவற்றைச் சரி செய்ய நினைக்கிறேன்.

அவர் கதையை 2002-லிருந்து தொடங்குவது பெரிய தவறு. அந்த வருஷம் ஜூலையில், நாம் டிவியில் பார்த்த அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-க்கு வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வருஷ அனுபவம் இருந்தது. 1974-ல் கலிபோர்னியாவின் சூலா விஸ்டாவில் பிறந்தவர். எல்லை தாண்டியதும் வருகிற மெக்சிகோவின் டிஹுவானாவில், தன் அங்கிள் ரே மிஸ்டீரியோ சீனியரிடம் தொழில் கற்று, 1989-ல் 14 வயதில் முதல் மேட்ச் ஆடினார். 1995-ல் ஈசிடபிள்யூ, 1996-ல் டபிள்யூசிடபிள்யூ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனங்களுக்குப் போனார். மெக்சிகோவின் மல்யுத்த பாணியான லுச்சா லிப்ரேயில் பிடிகளை உடலின் வலப்பக்கம் போடுவார்கள், அமெரிக்காவில் இடப்பக்கம். எழுதுகிற கையையே மாற்றுகிற மாதிரியான வேலை அது. அதைப் பழகிக்கொண்டுதான் அவர் அமெரிக்க ரிங்குகளில் பறந்தார்.

முகமூடியை அவர் கழற்றியதே இல்லை என்பார்கள். ஆனால் 1999 பிப்ரவரியில், டபிள்யூசிடபிள்யூ-வின் சூப்பர்பிரால் நிகழ்ச்சியில், கெவின் நாஷ், ஸ்காட் ஹால் ஜோடியிடம் தோற்று முகமூடியை இழந்தார். எதிர்ப்பக்கம் பந்தயமாக வைத்தது அவர்களோடு இருந்த மிஸ் எலிசபெத்தின் தலைமுடி. மெக்சிகோவில் முகமூடி என்றால் சாதாரண விஷயமில்லை. அங்கே புகழ்பெற்ற முகமூடி வீரர் எல் சாண்டோ 1984-ல் இறந்தபோது முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றை அமெரிக்க நிர்வாகம் ஒரு ராத்திரிக் கதைக்காகப் பறித்தது. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. 2002-ல் அவர் முகமூடியோடு திரும்பி வந்தார். நாம் பார்த்தது அந்தத் திரும்பி வந்த முகத்தைத்தான்.

கயிற்றைப் பிடித்துச் சுழன்று உதைக்கும் அவருடைய அடிக்குப் பெயர் 619. அது எந்த மந்திர எண்ணும் இல்லை, சான் டியேகோ பகுதியின் தொலைபேசிக் குறியீடு. சென்னைக்கு 044 போல. அந்த அசைவின் மூலமும் அவருடையதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் டைகர் மாஸ்க்காக ஆடிய சடோரு சயாமா, கயிறுகளுக்கு நடுவே வெளியே பாய்வதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்துச் சுழன்று உள்ளேயே வந்து நிற்பார். அதே சுழற்சியை, நடுக் கயிற்றில் கிடக்கிற ஆளின் முகத்துக்கு வருகிற உதையாக உலகத்துக்கே தெரிய வைத்தவர் ரே.

டொமினிக் என்ற பையன், ரேயோடு மோதிய வீரர் எடி கரேரோவின் பிள்ளை என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2005 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் அந்தப் பையன் யாருக்கு என்று ரேயும் எடியும் ஏணி வைத்துச் சண்டை போட்டதெல்லாம் கதைக்காக. டொமினிக் ரேயின் சொந்த மகன்.

அந்த நவம்பரில் எடி இறந்ததால், அனுதாபத்தில்தான் 2006-ல் ரேக்கு சாம்பியன் பெல்ட் கிடைத்தது என்பது இன்னொரு பேச்சு. எடியின் பெயரைக் கதையில் பயன்படுத்தினார்கள், உண்மைதான். ஆனால் அந்த வருஷம், ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கும் ராயல் ரம்பிளில் இரண்டாவது ஆளாக உள்ளே போய், 62 நிமிடம் ரிங்கிலேயே நின்று ஜெயித்த உழைப்பு அவருடையது. சாம்பியனாக இருந்தபோது மார்க் ஹென்றி, கிரேட் காளி போன்ற மலைகளிடம் அவரைத் தோற்க வைத்தது கதை எழுதுகிறவர்களின் முடிவு. அந்தத் தோல்விகளை எண்ணி அவரை அளப்பது மறுபடியும் டிரம்ப் கார்டு ஆடுவதுதான்.

இவற்றையெல்லாம்விட எனக்கு மனசு கேட்காத தவறு ஒன்று உண்டு. 2015 மார்ச் 20 அன்று டிஹுவானாவில் நடந்த மேட்ச்சில் ரேயை எதிர்த்து ஆடிய மெக்சிகோ வீரர் பெர்ரோ அகுவாயோ ஜூனியர் இறந்தார், வயது 35. "619 அடித்து ஆளைக் கொன்றுவிட்டார்" என்று இன்றும் வீடியோக்களில் தலைப்பு போடுகிறார்கள். ரே உதைத்ததில் அவர் கயிற்றுப் பக்கம் போய் விழுந்தபோதே கழுத்து எலும்புகள் முறிந்துவிட்டன. 619-க்கு ரே ஓடத் தொடங்கும் முன்பே அது நடந்துவிட்டது. நடுக் கயிற்றில் துவண்டு கிடந்தவரைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடிபட்ட மாதிரி கிடப்பதும் தொழிலின் ஒரு பகுதிதானே. "எல்லாம் டூப்பு" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். விழுகிற தரை எஃகுச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய ஃபோம், கேன்வாஸ், அவ்வளவுதான்.

ரேயைப் பார்த்து, கட்டில்மேல் ஏறி மெத்தையில் குதித்தவர்களில் நானும் ஒருவன். சித்தப்பா பையன் என்மேல் குதித்துக் கை ஒடிந்து, பள்ளிக்கு ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு போனான். முறையாகக் கற்கிறவர்கள் கரணத்தில் தொடங்குவதில்லை, விழுவதில் தொடங்குகிறார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, விரித்த கைகளால் தரையை அறைந்து விழ வேண்டும். அதையே மாதக்கணக்கில் செய்வார்கள். அதையெல்லாம் கரைத்துக் குடித்த ஜப்பானின் ஹயாபுசாவுக்கே, 2001 அக்டோபரில், பலமுறை செய்து பழகிய பின்கரணத்தில் கயிற்றில் கால் வழுக்கியது. தலைகுப்புற விழுந்து கழுத்து முறிந்தது. அத்தோடு அவருடைய பறத்தல் முடிந்தது.

பறப்பவரை மட்டும் பார்ப்பதுதான் நம்மில் எல்லோரும் செய்கிற தவறு. ஹரிக்கேன்ரானாவை எடுத்துக்கொள்ளுங்கள். தாவி எதிராளியின் தோளில் ஏறி, கால்களால் தலையை இறுக்கி, பின்னால் சாய்ந்து சுழல்வார் ரே. அவர் தூக்கி எறிகிற மாதிரி நமக்குத் தெரியும். எதிராளியும் அதே நொடியில் தானே கரணம் போட்டு உருண்டால்தான் அது நடக்கும். கொஞ்சம் தாமதித்தால் ரேயின் தலை தரையில் மோதும்.

1997 அக்டோபர் ஹாலோவீன் ஹேவக்கில் எடியோடு ஆடிய மேட்ச் கிடைத்தால், இந்த முறை எடியை மட்டும் பாருங்கள். ரேயின் முகமூடியும் எடியின் பெல்ட்டும் பந்தயம். ஊதா நிற முழு உடையில் ரே மேல் கயிற்றிலிருந்து பின்கரணம் அடித்து வருவார். இறங்கும் இடத்தில் எடி ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார், அந்த எடையைத் தாங்குவார், கழுத்து வளைபட்டதும் தலைகீழாக விழுவார். கடைசியில் மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து ரேயை எறிய எடி தூக்குவார். ரே அதையும் ஹரிக்கேன்ரானாவாக மாற்றிவிடுவார். கூட்டம் ரேயைப் பார்த்து எழுந்து நிற்கும். அவ்வளவு உயரத்திலிருந்து காற்றில் புரண்டு முதுகில் வந்து விழுகிறவர் எடி.