வீட்டு நெட் முழுவதற்கும் ஒரே விளம்பரத் தடுப்பு: டாக்கரில் ஆட்கார்ட் ஹோம்

திருநெல்வேலிப் பக்கம் ஆச்சிமாரும் தாத்தாமாரும் காலையில் செய்தி பார்ப்பது இப்போது போனில்தான். நடுவில் "உங்கள் போனில் வைரஸ்" என்று ஒரு விளம்பரம் குதிக்கும். பயந்து தொட்டுவிடுவார்கள். ஒவ்வொரு போனாக வாங்கிச் சரிசெய்வதைவிட, ரூட்டர் பக்கத்திலேயே ஒரு காவல் போடுவதுதான் நல்லது.

ஒரு தளத்தைத் திறக்கும்போது, அந்தப் பெயருக்கு உரிய ஐபி முகவரி எது என்று போன் முதலில் ஒரு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். அந்தக் கேள்வி, ஆட்கார்ட் ஹோம் என்ற விளம்பரத் தடுப்பு மென்பொருள் ஓடும் நம் சொந்த சர்வருக்கு வந்தால், விளம்பரத் தளங்களின் பெயர்களுக்கு மட்டும் 0.0.0.0 என்று வெற்று முகவரியைக் கொடுத்துவிடலாம். விளம்பரம் இறங்காது, டேட்டாவும் மிச்சம்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) போட்டால் போதும். பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடும். மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி அமைத்து, கேபிள் வழியாக ரூட்டரில் இணையுங்கள். பிறகு ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் (வீட்டுச் சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் பகுதி) அந்த லேப்டாப்புக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள். இங்கே 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். முகவரி மாறினால் வீடு முழுக்க நெட் நின்றுவிடும், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி), அதன்மேல் போர்ட்டெய்னர் (அந்தக் கன்டெய்னர்களைப் பிரவுசரிலேயே நிர்வகிக்கும் பக்கம்). இரண்டுக்கும் அவர்களுடைய தளங்களில் உள்ள நிறுவும் வரிகளை அப்படியே நகலெடுத்து டெர்மினலில் ஒட்டலாம். போர்ட்டெய்னர் பிரவுசரில் 9443 போர்ட்டில் (ஒரே முகவரியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்-வாசல்தான் போர்ட்) திறக்கும்: https://192.168.1.10:9443. சான்றிதழ் எச்சரிக்கை வரும், உங்கள் சொந்த மெஷின்தான், தாண்டிப் போங்கள். நிர்வாகி பாஸ்வேர்டை உடனே வையுங்கள். சில நிமிடம் தாமதித்தால் அது தன்னைப் பூட்டிக்கொள்ளும், கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது புதிய கன்டெய்னர். டாக்கர் ஹப் என்ற தளத்தில் ஆட்கார்ட் ஹோம் இமேஜின் (கன்டெய்னரை உருவாக்கும் தயார் தொகுப்பு) பெயரையும், வொர்க், கான்ஃப் என்ற இரண்டு ஃபோல்டர்களின் பாதைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதைகளை வால்யூம் பகுதியில் (கன்டெய்னருக்கு வெளியே தங்கும் சேமிப்பிடம்) இணைத்தால்தான், பின்னால் கன்டெய்னரை அழித்துப் புதுப்பித்தாலும் அமைப்புகள் தங்கும். ரீஸ்டார்ட் பாலிசியில் 'அன்லெஸ் ஸ்டாப்ட்' தேர்ந்தெடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் லேப்டாப் அணைந்தாலும், திரும்ப ஆன் செய்ததும் சர்வர் தானே எழுந்துவிடும்.

புதியவர்கள் சிக்குவது போர்ட்டில்தான். டிஎன்எஸ்ஸுக்கு 53 வேண்டும், டிசிபி, யுடிபி என்ற இரு வகைத் தொடர்பிலும். உபுண்டுவிலோ சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற சேவை 127.0.0.53 முகவரியில் அதே 53-ஐப் பிடித்திருக்கும். வெறும் 53 என்று போட்டால் கன்டெய்னர் பிழை காட்டி நிற்கும். அந்தச் சேவையைக் கழற்ற வேண்டியதில்லை. ஹோஸ்ட் (அதாவது லேப்டாப்) கட்டத்தில் 192.168.1.10:53 என்று முகவரியோடு சேர்த்துக் கொடுங்கள், மோதல் தீர்ந்தது. இன்னொரு போர்ட்டாக 3000-ஐயும் திறந்துவிடுங்கள்.

கன்டெய்னர் ஓடத் தொடங்கியதும் பிரவுசரில் 192.168.1.10:3000. முதல் அமைப்பில் நிர்வாகப் பக்கத்துக்கு 80 என்று இருக்கும், அதை 3000 என்றே மாற்றுங்கள். மற்றதெல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும், தடுப்புப் பட்டியல் ஒன்று முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக ரூட்டர். டிஹெச்சிபி பகுதியில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 192.168.1.10 கொடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ்) போடாதீர்கள். போன்கள் இஷ்டத்துக்கு அதையும் கேட்கும், விளம்பரம் அந்த வழியாக நுழையும். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வழியாக ரூட்டர் வேறு டிஎன்எஸ் கொடுத்தாலும் இதே கதைதான், அதை நிறுத்திவிடுங்கள். ரூட்டரில் 53-வது போர்ட்டை ஒருபோதும் வெளி இணையத்துக்குத் திறந்துவிட (ஃபார்வர்ட் செய்ய) வேண்டாம். ஊர்பேர் தெரியாதவர்கள் உங்கள் சர்வரைத் தாக்குதலுக்குப் பயன்படுத்துவார்கள்.

சரி, போனின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டு ஒரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள். ஆட்கார்ட் பக்கத்தின் குவெரி லாகில் (டிஎன்எஸ் கேள்விகளின் பதிவேடு) சிவப்பாகத் தடுக்கப்பட்ட பெயர்கள் வரிசையாக வரும். பேங்க் செயலியோ ரேஷன் தளமோ திறக்கவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால், அதே பக்கத்தில் அந்தப் பெயரை அனுமதித்துவிடலாம். யூடியூப் விளம்பரம் மட்டும் நிற்காது, வீடியோ வரும் அதே சர்வர்களிலிருந்துதான் அதுவும் வருகிறது. ஏதோ ஒரு ஆண்ட்ராய்டு போனில் மட்டும் விளம்பரம் தொடர்ந்தால், அதன் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்'ஸில் வேறு சர்வர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அதை ஆஃப் செய்யுங்கள்.