ஹால்ப் ஆஹ்ட் என்றால் எட்டரை இல்லை

ஜெர்மன் நண்பர் ஒருவர் "உம் ஹால்ப் ஆஹ்ட்" சாப்பிட வரச் சொல்கிறார். ஹால்ப் என்றால் அரை, ஆஹ்ட் என்றால் எட்டு. சரி, எட்டரை என்று நினைத்துக் கிளம்பினால், நாம் போய்ச் சேரும்போது சாப்பாடு ஆறி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் சொன்னது ஏழரை.

நாம் முடிந்துபோன ஏழோடு அரையைச் சேர்க்கிறோம். அவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் எட்டாவது மணியைப் பார்க்கிறார்கள். அதில் பாதி முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். இது பிடிபட்டுவிட்டால் மற்றதும் புரியும். "ஃபுன்ஃப் ஃபோர் ஹால்ப் ஆஹ்ட்" என்றால் ஏழரைக்கு ஐந்து நிமிடம் முன்பு, அதாவது 7:25. கிழக்கு ஜெர்மனியிலும் தெற்கில் பல இடங்களிலும் "ஃபியர்டெல் ஆஹ்ட்" என்பார்கள். எட்டாவது மணியில் கால் பங்கு ஆகியிருக்கிறது, எனவே ஏழே கால். "ட்ரைஃபியர்டெல் ஆஹ்ட்" ஏழே முக்கால். மற்ற ஊர்களில் ஏழே காலுக்கு "ஃபியர்டெல் நாஹ் ஸீபென்" என்பதுதான் வழக்கம். நாம் பேசும்போது இதையே சொல்வது நல்லது, எங்கும் புரியும். காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தால், "அல்ஸோ, ஸீபென் ஊர் ட்ரைஸிஹ்?" (அப்படியென்றால் ஏழு மணி முப்பதா?) என்று கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

"ஊர்" (Uhr) என்ற இந்த ஜெர்மன் சொல்லைச் சொன்னதும் இன்னொரு தவறு நினைவுக்கு வருகிறது. கடிகார மணிக்கு ஊர், மணி நேரத்துக்கு ஷ்டுண்டே. படம் இரண்டு மணிக்கு என்றால் "உம் ட்ஸ்வை ஊர்". இரண்டு மணி நேரம் ஓடும் என்றால் "ட்ஸ்வை ஷ்டுண்டென்". தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு என்பதால் நமக்கு இது எளிதாகவே வர வேண்டும். ஹால்ப் ஆஹ்டுக்குப் பின்னால் மட்டும் ஊர் சேர்க்கக் கூடாது.

முன்னால் வரும் சின்னச் சொல்லையும் கவனியுங்கள். "உம் ஆஹ்ட்" என்றால் எட்டுக்கே. "கேகென் ஆஹ்ட்" எட்டு மணி வாக்கில். "ஆப் ஆஹ்ட்" என்றால் எட்டிலிருந்து எப்போது வந்தாலும் சரி.

தொடங்குவதைச் சொல்லும் ஆன்ஃபாங்கென் என்ற வினை வாக்கியத்தில் இரண்டாகப் பிரியும்: "டேர் ஃபில்ம் ஃபெங்ட் உம் ஆஹ்ட் ஆன்." கடைசியில் வரும் ஆன்-ஐ நம்மவர்கள் பலர் விழுங்கிவிடுகிறார்கள். பேச்சில் எப்போது தொடங்கும் என்று கேட்க "வான் கேட்ஸ் லோஸ்?" என்றாலே போதும்.

படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பல்கலைக்கழக அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் "ட்சே டே" (c.t.) என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் வகுப்பு 10:15-க்குத்தான். "எஸ் டே" (s.t.) என்றிருந்தால் 10 மணிக்கே தொடங்கிவிடும்.