சி டிரைவ் சிவந்துவிட்டதா? ரிகவரி பார்ட்டிஷனில் கை வைக்காதீர்கள்

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து மாமி கோல் எடுத்தார். லப்டொப்பில் சி டிரைவ் சிவப்பாகி, 3 ஜிபிதான் மிச்சமாம். யாரோ சொல்லிக் கொடுத்து டிஸ்க் மேனேஜ்மென்ட் (டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் விண்டோஸ் கருவி) வரைக்கும் போய்விட்டார். "தம்பி, இங்கே ரிகவரி என்று ஒன்று சும்மா கிடக்கு, நூறு வீதம் காலி என்று காட்டுது, தூக்கிவிடட்டே?"

வேண்டாம் மாமி, கையை எடுங்கோ என்றேன். ஏன் வேண்டாம், பிறகு இடத்தை எங்கேதான் பிடிப்பது என்று இங்கே சொல்கிறேன். மெனுப் பெயர்கள் விண்டோஸ் 11இல் உள்ளபடி; 10 வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் சும்மா பார்க்க மட்டும் போவோம். விண்டோஸ் கீயையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறவுங்கள். கீழே பெட்டி பெட்டியாகத் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்கில் பிரித்து வைத்த ஒரு துண்டு. 100 அல்லது 260 எம்பி அளவில் இருப்பது ஈஎஃப்ஐ, கணினி எழும்புவதே அதிலிருந்துதான். நடுவில் பெரிதாக சி. கடைசியில் பெரும்பாலும் 500 எம்பியிலிருந்து 1 ஜிபி வரையில் ரிகவரி. (256 ஜிபி என்று வாங்கியது 238 என்று காட்டுகிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.)

இனி அந்த "நூறு வீதம் காலி". அது பொய். டிரைவ் எழுத்து இல்லாத பார்ட்டிஷனுக்குள் டிஸ்க் மேனேஜ்மென்ட் எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் காலி என்று எழுதிவிடுகிறது. உள்ளே இருப்பது விண்டோஸ் எழும்பாத நாளில் உங்களுக்குக் கை கொடுக்கும் கருவிகள்: ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேஃப் மோட் போகும் வழி, பிழையான அப்டேட்டைக் கழற்றுவது, முழுதாக ரீசெட் செய்வது. அதை அழித்தால் கிடைப்பது மிஞ்சிப் போனால் ஒரு ஜிபி, ஒரு கல்யாண வீடியோவுக்கே போதாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. விண்டோஸ் 7 அல்லது 8 உடன் வந்த பழைய லப்டொப்களில் தயாரிப்பாளரே 10, 20 ஜிபிக்கு டி என்று தனியாக ஒரு ரிகவரி வைத்திருப்பார். இப்போது நீங்கள் விண்டோஸ் 10இல் இருந்தால், அது உங்களைத் திரும்பவும் அந்தப் பழைய விண்டோஸுக்குத்தான் கொண்டுபோய் விடும். அதை எடுக்கலாம், ஆனால் கீழே சொல்லும் பென் டிரைவைச் செய்த பிறகு.

சரி, இடம் பிடிப்போம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். கணக்கெடுக்கும் வரை பொறுங்கள். "பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்" இருந்தால் நல்ல வேட்டை, பல ஜிபி இருக்கும். பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போவதற்காகப் பொதுவாக 10 நாள் வைத்திருப்பது அது. புதியது ஒழுங்காக ஓடினால் டிக் போடுங்கள். "டவுன்லோட்ஸ்" என்று ஒரு வரியும் அதே பட்டியலில் இருக்கும், அதற்கு டிக் போட்டால் உங்கள் பாஸ்போர்ட் ஸ்கேனும் சேர்ந்து போகும், கவனம்.

பிறகு ஸ்டோரேஜ் பக்கத்திலேயே கிளீனப் ரெக்கமண்டேஷன்ஸ் போய்ப் பெரிய ஃபைல்களைப் பாருங்கள். மாமியின் குற்றவாளி அங்கேதான் அகப்பட்டார். 2020 லொக்டவுன் காலத்திலிருந்து ஸூமில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிக்கிறார், ஒவ்வொரு வகுப்பையும் ரெக்கோர்ட் செய்கிறார், எல்லாம் டொக்கியூமென்ட்ஸுக்குள் ஸூம் என்ற ஃபோல்டரில் 40 ஜிபிக்கு மேல் குவிந்து கிடந்தது. எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்கில் கொப்பி செய்து, இரண்டு மூன்றைத் திறந்து பார்த்து, அதன் பிறகுதான் இங்கே அழித்தோம்.

அடுத்தது அந்த பென் டிரைவ், விண்டோஸ் எழும்பாத நாளில் வெளியிலிருந்து மீட்பதற்கு. ஸ்டார்ட்டில் "ரிகவரி டிரைவ்" என்று தேடுங்கள். 32 ஜிபி பென் ஒன்று போதும், அதில் இருப்பதெல்லாம் அழியும். சிஸ்டம் ஃபைல்களையும் பெக்கப் செய்யும் டிக்கை எடுக்காதீர்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் இழுக்கலாம், தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் படங்களும் கடிதங்களும் இதற்குள் வராது, அவற்றுக்கு வேறு பெக்கப் வேண்டும்.

சிலருக்கு வேறு தலையிடி. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பெரிய எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி, பழையதை அப்படியே அதற்குள் குளோன் (முழுப் பிரதி) செய்திருப்பீர்கள். காலி இடம் தெரிகிறது, ஆனால் சி மேல் வலது கிளிக் செய்தால் சியைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் வொலியூம் மங்கிக் கிடக்கிறது. காரணம், காலி இடம் சிக்கு உடனே வலப்பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் ரிகவரி உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தும் மென்பொருள்கள் உண்டு. புதிதாகப் பழகுபவருக்கு நான் சொல்வது, நகர்த்தவே வேண்டாம், அந்தக் காலி இடத்தில் வலது கிளிக் செய்து நியூ சிம்பிள் வொலியூம் கொடுத்து டி ஆக்கி, படங்களை அங்கே போடுங்கள்.

ரிகவரி உண்மையிலேயே சின்னதாகிப் போகும் சந்தர்ப்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த 5034441 என்ற அப்டேட், ரிகவரிக்குள் 250 எம்பி வெறுமையாக இல்லாத கணினிகளில் 80070643 என்று முடியும் பிழையோடு நின்றுபோனது. சியிலிருந்து 250 எம்பி வெட்டி ரிகவரியைப் பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசொஃப்ட் வழி கொடுத்தது, ஆனால் அது கமாண்ட் அடிக்கும் வேலை, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எந்தப் பார்ட்டிஷனைத் தொடுவதானாலும் பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரிகவரி கீயின் 48 இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள், சார்ஜரையும் குத்துங்கள். பட்டரி செத்த லப்டொப்பில் பாதி வேலையில் கரண்ட் போனால் என்னவாகும் என்று 2022 மின்வெட்டுகளைப் பார்த்த கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் முடிந்ததும் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். தெரிவுகளோடு நீலத் திரை வரும், அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போனால் ஸ்டார்ட்அப் ரிப்பேர் தெரிகிறதென்றால் ரிகவரி உயிரோடு இருக்கிறது. பின்னால் வந்து கன்டினியூ அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.