டைம்ஷீட்டை விட்டு டிக்கெட் ஹிஸ்டரிக்கு: என் அனுபவம்

டீமில் யார் நேரத்தைச் சரியாகக் கையாள்கிறார் என்பதை டைம்ஷீட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாபகத்திலிருந்து நிரப்புவது அது. எல்லா நாளும் எட்டு மணி நேரம் என்றுதான் இருக்கும். எனக்குக் கைகொடுத்தது ஜிராவின் ஹிஸ்டரி. ஒவ்வொரு வேலையையும் ஒரு டிக்கெட்டாகப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருள் ஜிரா; டிக்கெட் எப்போது எந்த ஸ்டேட்டஸுக்கு மாறியது என்பது ஹிஸ்டரியில் இருக்கும்.

முதலில் ‘பிளாக்டு’ என்று தனி ஸ்டேட்டஸ் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் கிளையன்ட் பதிலுக்குக் காத்திருந்த மூன்று நாளும் டெவலப்பர் தலையில்தான் விழும். பிறகு ஒவ்வொருவரும் கடைசியாக முடித்த பத்து டிக்கெட்டை எடுத்து, ‘இன் புராகிரஸ்’ முதல் ‘டன்’ வரை ஆன வேலை நாட்களில் பிளாக்டு நாட்களைக் கழித்து, எஸ்டிமேட்டால், அதாவது முன்கூட்டியே கணித்த நாட்களால், வகுத்தேன். சராசரி வேண்டாம், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) பாருங்கள். ஒரே ஒரு புரொடக்‌ஷன் பிரச்சினை சராசரியைக் கெடுத்துவிடும்.

விகிதம் எப்போதும் 1.5 பக்கத்திலேயே நின்றால் அவர் வேலையில் ஒழுங்கு இருக்கிறது, கணிப்புதான் குறைவு. எஸ்டிமேட்டை ஒன்றரை மடங்காக்கினால் போதும். 0.6, 3, 1.2 என்று அலைந்தால், ஒரே நேரத்தில் அவர் கையில் எத்தனை டிக்கெட் திறந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நாலைந்து இருக்கும். அதில் பாதி நாமே ‘அவசரம்’ என்று இடையில் திணித்தது. வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் லிட்டில் விதிப்படி, முடிக்கும் வேகம் மாறாதபோது கையிலுள்ள வேலை இரட்டித்தால் ஒவ்வொன்றும் முடிய சராசரியாக இரு மடங்கு நாளாகும். ஆளுக்கு இரண்டு என்று வரம்பு வைத்ததும் தேதிகள் நிலைக்கு வந்தன.

எண்ணில் வராத ஒன்றும் உண்டு: தாமதத்தை எப்போது சொல்கிறார்? ஐந்து நாள் வேலையில் இரண்டாம் நாளே “இது இழுக்கும்” என்பவரை நான் உயர்வாக மதிப்பிடுவேன். ஆனால் இந்த எண்களை அப்ரைசலில் காட்டவே காட்டாதீர்கள். அடுத்த மாதமே எல்லாரும் எஸ்டிமேட்டைக் கூட்டிப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.