நட்சத்திரத்துக்குப் பெயர் வைக்கக் காசு கட்டும் முன்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு இன்ச் டெலஸ்கோப் ஒன்று வைத்திருக்கிறேன். சித்திரை மாதத்தில் ஒருநாள் தெருப்பையன் ஒருவன் லேமினேட் செய்த சான்றிதழோடு ஏறி வந்தான். கட்டிக்கப்போகிற பெண்ணின் பெயரில் நட்சத்திரம் வாங்கியிருக்கிறானாம். “அண்ணா, இதைக் கொஞ்சம் காட்டுங்க, நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வரேன்” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் வாங்கியவன்தான்.

இப்படி வாங்குகிறவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். கார்டு நம்பர் பத்திரம், எழுத்துப்பிழை பார்த்துக் கொடுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

‘பதிவு’ என்ற சொல்லை நம்புவது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். அக்கா மகள் பிறந்தபோது வாங்கினேன். தங்க நிற முத்திரை, ‘பதிவு செய்யப்பட்டது’ என்று கொட்டை எழுத்து. எங்கே பதிவு? விற்றவர்களின் சொந்த நோட்டில். மனையைப் பத்திர ஆபீசில் பதியாமல் புரோக்கர் தன் டைரியில் எழுதிக்கொள்கிற மாதிரி. அதே நட்சத்திரத்தை வேறொருவர் வேறு பெயரில் விற்றாலும் கேட்க ஆளில்லை. ‘பெயரைப் புத்தகமாக்கிப் பதிப்புரிமை வாங்குகிறோம்’ என்றும் சொல்வார்கள். பதிப்புரிமை அந்தப் புத்தகத்துக்கு. நட்சத்திரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

வானியலாளர்கள் ஏற்கும் பெயர்களை முடிவு செய்வது 1919-இல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியம். நட்சத்திரப் பெயர்களுக்கென்றே 2016-இல் தனிக் குழு வைத்தார்கள். அவர்கள் பெயரை விற்பதில்லை, பிறர் விற்றதை ஏற்பதும் இல்லை. 2019-இல் இந்தியாவுக்கென ஒரு நட்சத்திரத்தை ஒதுக்கி மக்களிடமே பெயர் கேட்டார்கள். இயற்பியலாளர் பிபா சௌத்ரி நினைவாக அது ‘பிபா’ ஆனது. அதற்கு யாரும் காசு கட்டவில்லை.

கண்ணுக்குத் தெரியும் என்று நினைப்பது

நட்சத்திரத்தின் பிரகாசத்தைச் சொல்வது ஒளித்தர எண். அது கூடக்கூட நட்சத்திரம் மங்கல். நல்ல இருட்டிலேயே வெறுங்கண்ணுக்கு 6 வரைதான். நான் வாங்கியது 11. துறைமுக விளக்கு வெளிச்சத்தில் இரண்டு ராத்திரி தேடி, மூன்றாம் நாள் ஒரு புள்ளியைப் பிடித்தேன். அதுதானா என்று இன்றைக்கும் சந்தேகம். அக்கா கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “கண்ணாடியில தூசு இருக்குடா” என்றாள்.

சிறுகோளாவது வாங்கலாம் என்பது

அதுவும் விற்பனைக்கு இல்லை. கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழிவார், ஒன்றியத்தின் குழு பார்த்து ஏற்கும். 1861-இல் நம்ம நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து போக்சன் என்ற வானியலாளர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் ‘ஆசியா’.

பணத்தைத் திருப்பிக் கேட்பது

வராது.

பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. சரி, பெண்ணைக் கூட்டி வா என்றேன். மறுநாள் ஒன்பது மணிக்கு, வடக்கே பாதி உயரத்தில் வசிஷ்டரும் அருந்ததியும் பளிச்சென்று இருந்தார்கள். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். சான்றிதழைச் சுருட்டியே வைத்திருந்தான்.