சேலத்துல உக்காந்தே சினிமா ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பிக்கிறது எப்படி?

ஸ்கிரீன்ரைட்டர் ஆகணும்னா உடனே பெட்டிய கட்டிட்டு கோடம்பாக்கம் ஓடணும்னு இல்லைங்க, 1935லயே டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற சினிமா ஸ்டூடியோவ ஆரம்பிச்ச ஊரு இது (இப்போ ஏற்காடு ரோட்ல அதோட நுழைவு வளைவு மட்டும் தான் நிக்குது, பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும்).

மொதல்ல கதைய ரெண்டே வரில சொல்லிப் பாருங்க. வரலைன்னா கதை இன்னும் ரெடி ஆகல, அவ்ளோதான். அப்புறம் சீன். ஒரு பக்கம் சுமாரா ஒரு நிமிஷம்னு கணக்கு, அதனால 120 பக்கத்த தாண்டாதீங்க. கண்ணுக்கு தெரியுறதும் காதுக்கு கேக்குறதும் மட்டும் எழுதுங்க, "அவன் மனசுக்குள்ள வருத்தப்பட்டான்"னு எழுதுனா கேமரா எத எடுக்கும்? ஏற்காடு பஸ்ல 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரு வாயே தொறக்காம சண்டை போடுற மாதிரி ஒரு சீன் யோசிங்க, செம ப்ராக்டிஸ்.

சிரியால அலெப்போல பொறந்த, 'ஹாலோவீன்' திகில் படங்கள தயாரிச்ச முஸ்தபா அக்காத் அமெரிக்கா போயி சினிமா படிச்சுட்டு தான் தயாரிப்பாளர் ஆனாரு. படிக்க வசதி இல்லையா, தெரிஞ்சத பக்கத்து வீட்டு பசங்களுக்கு சொல்லிக்குடுங்க, அப்பதான் நம்ம ஓட்டை நமக்கே தெரியும்.

முடிச்சதும் யார்கிட்டயும் காட்டுறதுக்கு முன்னாடி காப்பிரைட் பதிவுக்கு போட்டுடுங்க, ஆன்லைன்லயே போடலாம்.