புரோகிராம் எழுதும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

சேலத்து இன்ஜினியரிங் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும், ஜவ்வரிசி ஆலைக்கோ ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கோ உலர்களத்தின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் கருவி செய்யலாம் என்று கிளம்புவது உண்டு. ஊருக்கு நிஜமாகவே பயன்படும் வேலை அது. அந்தக் கருவியின் மூளை இஎஸ்பி32, எஸ்டிஎம்32 போன்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதாவது நாம் எழுதும் புரோகிராமை ஏற்றி இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர். ஆனால் நாள் கணக்கில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் புரோகிராமுக்கு முந்தைய ஏற்பாடுதான்.

போர்டில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டர் அதோடு பேசும் வழியான காம் போர்ட் மட்டும் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பிகளே கிடையாது. கேபிள் சரி என்றால் அப்புறம் போர்டில் இருக்கும் யூஎஸ்பி சிப்பின் பெயரைப் படியுங்கள். சிபி2102 சிப்போடு கம்ப்யூட்டர் பேச ஒரு டிரைவர் மென்பொருள், சிஎச்340க்கு வேறு. உபுண்டு லினக்ஸில் டிரைவர் கூடவே வருகிறது, தடுப்பது அனுமதி. உங்கள் யூசரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்துவிட்டுத் திரும்ப வாருங்கள். புராஜெக்ட் ஃபோல்டரின் பெயரில் இடைவெளியும் வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரோடு வரும் பல கருவிகள் அங்கே தடுக்கி விழுகின்றன.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது, கம்பிகளை இணைக்கும் எண்ணிட்ட முனைகளான பின்களைத் (pin) தேர்ந்தெடுப்பதில். இஎஸ்பி32 போர்டில் காலியாகத் தெரியும் பின் எல்லாம் காலி இல்லை. 6 முதல் 11 வரை உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்துக்குப் போகின்றன, தொடவே கூடாது. 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான், ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இணைத்தால் அசையாது. 12ஆம் பின் இன்னும் மோசம். போர்டு எழும் நேரத்தில் அதில் மின்னழுத்தம் இருந்தால், ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் முடிவு செய்துவிடும். வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் டிஎச்டி22 சென்சாரின் டேட்டா கம்பியில், அதை மேல் மின்னழுத்தத்துக்கு இழுத்து வைக்கும் புல்அப் ரெசிஸ்டர் இருப்பதால் அது சும்மா இருக்கும்போதும் 3.3 வோல்ட்டில்தான் நிற்கும். அதைக் கொண்டுபோய் 12இல் இணைத்தால் போர்டு எழாது, கம்பியைப் பிடுங்கினால் எழும். சென்சார் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று: அனலாக் சென்சாரை 25, 26, 27ஆம் பின்களில் வைத்தால் வைஃபை இணைக்கும் வரை ஒழுங்காக அளக்கும், இணைத்ததும் சொதப்பும். அவை மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரண்டாவது பகுதியான ஏடிசி2இல் சேர்ந்தவை, வைஃபை அதைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. 32 முதல் 39க்குள் ஒன்றை எடுங்கள்.

எஸ்டிஎம்32 பக்கம் போகிறவர்களுக்கு, அந்தச் சிப்பின் அமைப்புகளைத் தேர்ந்தெடுத்தால் தொடக்க புரோகிராமை எழுதித் தரும் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் ஒரு பொறி காத்திருக்கிறது. சிஸ்டம் பகுதியில் டீபக் என்பதை சீரியல் ஒயர் என்று மாற்றாமல் விட்டால், எஸ்டிஎம்32 சிப் உள்ள புளூ பில் போர்டில் முதல் அப்லோடு ஜோராகப் போகும். அடுத்த முறை, புரோகிராமை ஏற்றும் கருவியான எஸ்டி-லிங்க், சிப்பைக் காணவில்லை என்று சொல்லும். போர்டு சாகவில்லை, ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி இணைப்பைத் தொடங்கி, பிறகு விடுங்கள். சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் 8 மெகாஹெர்ட்ஸ் என்பதையும் அங்கேயே சரியாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் சீரியல் மானிட்டரில் கிறுக்கல்தான் வரும். உங்கள் வரிகளை யூசர் கோட் பிகின், எண்ட் குறிப்புகளுக்கு நடுவில் மட்டும் எழுதுங்கள். வெளியே எழுதியதை, கியூப்எம்எக்ஸ் அடுத்த முறை புரோகிராமை உருவாக்கும்போது துடைத்துவிடும்.

நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரியின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த புரோகிராம்) பதிப்பைக் குறித்துவைக்காமல் விடாதீர்கள். இஎஸ்பி32க்கான ஆர்டுயினோ தொகுப்பின் 3.0 பதிப்பு 2024இல் வந்தபோது, மோட்டார் வேகத்துக்கும் விளக்கின் வெளிச்சத்துக்கும் பயன்படும் எல்இடிசி செட்டப் போன்ற பழைய கட்டளைகளை நீக்கிவிட்டது. பழைய உதாரணங்கள் அதில் கம்பைல் ஆகாது. புரோகிராம் எழுதிப் போர்டில் ஏற்ற உதவும் பிளாட்ஃபார்ம்ஐஓ மென்பொருள் என்றால் அதன் ஐஎன்ஐ ஃபைலில் பதிப்பு எண்ணை எழுதிப் பூட்டிவிடலாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இது. பிளாட்ஃபார்ம்ஐஓ முதல் கம்பைலின்போதுதான் கம்பைலரையே இறக்கும், அது நூற்றுக்கணக்கான எம்பி. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்த் தோட்டத்தில் உட்கார்ந்து சிக்னல் தேட வேண்டாம். சேலத்திலேயே நெட்டை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாகக் கம்பைல் செய்து பாருங்கள். மேலே போய்க் கொதிக்கும் நீரில் தண்ணீர் புகாத வெப்ப சென்சாரை (டிஎச்டி22ஐ அல்ல) சரிபார்ப்பதானால், ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 100 வரவில்லையே என்று புரோகிராமில் ஐந்தைக் கூட்டி வைக்காதீர்கள்.